எந்த வழக்கு எந்த நீதிபதியிடம்? – வாசகர் சட்டக் கேள்விகளும் பதில்களும்

வழக்குகளின் தாமதம் குறித்துச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பல, ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. நம் வழக்கு இந்த நீதிபதியிடம்தான் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார், எந்தச் சட்டத்தின்படி என்பதே அந்தப் பொருள். ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் குடும்ப விவகாரங்கள் கலந்திருப்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பாகப்பிரிவினை வழக்கை முதன்மை மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோம். மூன்றாவது வாய்தாவுக்குப் போனபோது, வழக்கு இரண்டாவது கூடுதல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எதிர்த்தரப்பில் இருக்கும் பெரியப்பா வீட்டார் ஏதோ செய்துவிட்டார்கள் என்று எங்கள் சித்தப்பா உறுதியாக நம்புகிறார். அப்படிச் செய்ய முடியுமா? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் சித்தப்பாவின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் நீங்கள் விவரித்திருப்பது அன்றாடம் நடக்கும் ஒரு நடைமுறை. எந்தப் படிநிலையில் உள்ள நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும் என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவும், சொத்தின் மதிப்பும், சொத்து இருக்கும் இடமும் தீர்மானிக்கின்றன. ஒரே படிநிலையில் முதன்மை நீதிமன்றம் ஒன்றும் கூடுதல் நீதிமன்றங்கள் சிலவும் ஒரே வளாகத்தில் இருக்கும்போதுதான், யாரிடம் என்ற கேள்வி எழுகிறது. அங்கே பொறுப்பு முதன்மை மாவட்ட நீதிபதியுடையது. கூடுதல் மாவட்ட நீதிபதி, அவர் ஒப்படைக்கும் வழக்குகளையே விசாரிக்கிறார்.

மனு தாக்கலானதும் அலுவலகத்தில் மதிப்பீட்டையும், நீதிமன்றக் கட்டணத்தையும், வக்காலத்தையும், ஆவணப் பட்டியலையும் சரிபார்க்கிறார்கள். குறை இருந்தால் திருப்பித் தருவார்கள். சரியாக இருந்தால் ஓ.எஸ். எண், அதாவது அசல் வழக்கு எண், விழும். அதன்பின் முதன்மை நீதிபதி தம்மிடம் உள்ள வழக்குகளில் ஒரு பகுதியைக் கூடுதல் நீதிமன்றங்களுக்கு அனுப்புவார். இதை வழக்கறிஞர்களும் ஊழியர்களும் ‘மேட் ஓவர்’ என்றே சொல்வார்கள். வழக்குக் கட்டில், தேதியும் நீதிபதியின் சுருக்கொப்பமும் உள்ள ஒற்றை வரியாக அந்த உத்தரவு இருக்கும். அந்த ஒரு வரி எழுதப்பட்டதும் கட்டு ஒரு அறையின் அலமாரியிலிருந்து இன்னோர் அறையின் அலமாரிக்குப் போய்விடுகிறது. இதற்கு எந்தத் தரப்பின் சம்மதமும் தேவையில்லை.

பெரியப்பா வீட்டார் செய்திருக்க முடியுமா என்பதற்கும் சட்டத்திலேயே விடை இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி வழக்கை மாற்ற இரண்டு வழிகள்தான் உண்டு. ஒரு தரப்பார் மனுப் போட்டால், மற்றத் தரப்பாருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர்களைக் கேட்ட பிறகே மாற்ற வேண்டும். நீதிமன்றம் தானாகவே மாற்றும்போது மட்டும் அறிவிப்புத் தேவையில்லை. உங்களுக்கு அறிவிப்பு வராத நிலையில், நடந்தது இரண்டாவது வகையாகவே இருக்கும். சந்தேகம் தீர வேண்டுமானால் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி, அந்த உத்தரவுக்கும், நீதிமன்றத்தின் அன்றாட நடவடிக்கைகளை எழுதும் பி டைரியின் அன்றைய குறிப்புக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனுச் செய்யுங்கள். புதிய நீதிமன்றம், வேறு உத்தரவு இல்லாதவரை, வழக்கு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மனத்தாங்கலோடு சொல்கிறேன். இப்படி மாற்றும்போது, தரப்பாருக்கு இரண்டு வரிக் குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பிவிட்டால் போதும். எத்தனையோ குடும்பங்களில் உங்கள் சித்தப்பாவைப் போன்றவர்கள் இரவெல்லாம் விழித்துக் கிடக்க வேண்டியிராது.

கேள்வி: எங்கள் வழக்கை விசாரிக்கும் நீதிபதி எங்களுக்கு எதிராகவே உத்தரவிடுகிறார். வேறொரு நீதிபதியின் பெயரைச் சொல்லி அவரிடம் மாற்றக் கேட்கலாமா? – ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மாற்றக் கேட்கலாம், இன்னாரிடம் என்று கேட்க முடியாது. உரிமையியல் வழக்கானால் 24ஆம் பிரிவின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ அணுகலாம். குற்றவியல் வழக்கானால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 448ஆம் பிரிவு அமர்வு நீதிபதிக்கும், 447ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கும், 446ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரத்தைத் தருகின்றன. ஆனால் பாதகமான உத்தரவு வந்தது மட்டுமே காரணமாகாது. அதற்கு மேல்முறையீடு இருக்கிறது. நியாயம் கிடைக்காது என்ற அச்சம், நடுநிலையான ஒருவர் பார்த்தாலும் நியாயமென்று ஒப்புக்கொள்ளத்தக்கதாக இருக்க வேண்டும். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கை, க.அன்பழகன் தொடர்ந்த மனுவின்பேரில், 2003 நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் சென்னையிலிருந்து கர்நாடகத்துக்கு மாற்றியது அத்தகைய அச்சத்தை ஏற்றுத்தான். அப்போதும் எந்த நீதிபதி விசாரிப்பது என்பதை மனுதாரர் தேர்ந்தெடுக்கவில்லை.

கேள்வி: உயர் நீதிமன்றத்தில் ‘போர்ட்ஃபோலியோ மாறுகிறது’ என்று வழக்கறிஞர்கள் பேசிக்கொள்கிறார்கள். அதை மாற்றுவது தலைமை நீதிபதி ஒருவரேயா? மற்ற நீதிபதிகளுக்கு அதில் பங்கு இல்லையா? – ஒரு சட்டக் கல்லூரி மாணவி, செங்கல்பட்டு

பதில்: எந்த நீதிபதி எந்த வகை வழக்குகளைக் கேட்பது என்ற பங்கீட்டுப் பட்டியலைத்தான் ‘போர்ட்ஃபோலியோ’ என்கிறார்கள். அதை மாற்றுவது தலைமை நீதிபதி ஒருவரே. இந்த அதிகாரத்தின் வேர் நம் அரசமைப்புச் சட்டத்தைவிட மூத்தது. சென்னை உயர் நீதிமன்றம் பிறந்தது 1862இல். அதற்கு வழிவகுத்த 1861ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்த ஏற்பாடு இருந்தது. 1915ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் அதை 108ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் தெளிவாக எழுதியது: எந்த நீதிபதி தனியாக அமர்வது, எந்தெந்த நீதிபதிகள் சேர்ந்து அமர்வது என்பதைத் தலைமை நீதிபதி தீர்மானிப்பார். 1935ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொடர்ந்து வைத்துக்கொண்டது. அரசமைப்பின் 225ஆம் கூறு அதையே நம் காலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆங்கிலேய ஆட்சியில் எழுதப்பட்ட ஒரு வரியின்படிதான் இன்றும் பாரிமுனையில் உள்ள அந்தச் சிவப்புக் கட்டடத்தில் வழக்குகள் அறை அறையாகப் பிரிகின்றன.

நடைமுறை இப்படி இருக்கிறது. ரிட் மனுக்களில் வருவாய்த் துறை, கல்வி, பணியாளர் விவகாரம், வரி என்று பொருள்வாரியாகப் பிரித்திருப்பார்கள். ஜாமீன், குற்றவியல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, உயர் நீதிமன்றத்திலேயே நேரடியாகத் தொடரப்படும் அசல் தரப்பு வழக்குகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி நீதிபதிகள் இருப்பார்கள். ஆட்கொணர்வு மனுவும் பொதுநல வழக்கும் இருவர் அமர்வுக்குப் போகும். 2004 ஜூலை 24 முதல் இயங்கும் மதுரைக் கிளைக்கு எந்த நீதிபதிகள் போவது என்பதும் இதே பட்டியலில் அடங்கும். சென்னையில் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பட்டியல் மாறும். மாறும் நாள் நெருங்கும்போது நீதிமன்றத் தாழ்வாரங்களில் ஒரு பரபரப்பைக் காணலாம். இறுதி வாதம் முடியும் தறுவாயில் இருக்கும் வழக்கைப் பழைய நீதிபதி முன்பே முடித்துவிட மூத்த வழக்கறிஞர் ஒருவர் முயல்வார். இளையவர் ஒருவர் கைபேசியில் மறுநாள் வழக்குப் பட்டியல் வந்துவிட்டதா என்று மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பார்.

பாதி கேட்ட வழக்கு என்ன ஆகும் என்பது இதில் எழும் மிக முக்கியமான கேள்வி. பாதி கேட்டதாலேயே அந்த வழக்கு ஒரு நீதிபதிக்குச் சொந்தமாகிவிடாது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் இதை ஒட்டியே பெரிய சிக்கல் எழுந்தது. தாம் பகுதி விசாரித்த வழக்கு வேறோர் அமர்வுக்குப் போனதை ஏற்காத ஒரு நீதிபதி, தம் தலைமை நீதிபதிக்கே அவமதிப்பு அறிவிப்பு அனுப்பும் அளவுக்குப் போனார். ‘ராஜஸ்தான் மாநிலம் எதிர் பிரகாஷ் சந்த்’ என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில் வகுத்த நெறிதான் இன்றுவரை சட்டம்: பணி ஒதுக்கீட்டுக்கு உரியவர் தலைமை நீதிபதி மட்டுமே, தமக்கு ஒதுக்கப்படாத வழக்கை எந்த நீதிபதியும் எடுக்க முடியாது, ஒதுக்கப்படாததை எடுத்துப் பிறப்பிக்கும் உத்தரவுக்கு வலுவில்லை.

நம் மாநிலத்திலேயே அண்மையில் இது உரசிப் பார்க்கப்பட்டது. அமைச்சர்களும் முன்னாள் அமைச்சர்களும் விடுவிக்கப்பட்ட சில ஊழல் தடுப்பு வழக்குகளை, 2023 ஆகஸ்டில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து மறுஆய்வுக்கு எடுத்தார். அவற்றுள் அப்போது அமைச்சராக இருந்த க.பொன்முடி தொடர்பான வழக்கு, விழுப்புரத்தில் நடந்து வந்தபோது உயர் நீதிமன்றத்தின் நிர்வாக உத்தரவால் வேலூர் முதன்மை மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, அங்கே விடுதலையில் முடிந்தது. நிலுவையில் உள்ள ஒரு குற்றவியல் வழக்கை மாவட்டம் விட்டு மாவட்டம் மாற்ற, மனுவின்மீது பிறப்பிக்கும் நீதிமுறை உத்தரவு வேண்டும். நிர்வாக ஆணை போதாது என்பது அந்த நீதிபதியின் கருத்து. மற்றொரு பக்கம், தாமாக முன்வந்து எடுப்பதற்குத் தலைமை நீதிபதியின் ஒப்புதல் உண்டா என்ற கேள்வி, கே.கே.எஸ்.எஸ்.ஆர்.ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு ஆகியோர் தொடர்பான வழக்குகளில் உச்ச நீதிமன்றம்வரை போனது. யார் விசாரிப்பது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி முடிவு செய்யட்டும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தலைமை நீதிபதி அந்த வழக்குகளை அதே நீதிபதியிடமே ஒப்படைத்தார். கடைசியில் விசாரித்தவர் அவரேதான் என்றாலும், ஒப்படைப்பு என்ற அந்தப் படியைத் தாண்டிச் செல்ல முடியாது என்பது இதிலிருந்து உறுதியாயிற்று. நீங்கள் தேர்வுக்குப் படிக்கும்போது, நீதிமுறை உத்தரவும் நிர்வாக உத்தரவும் எங்கே பிரிகின்றன என்பதை இந்த வழக்குகளை வைத்துப் பாருங்கள். பாடநூலைவிடத் தெளிவாக விளங்கும்.

கேள்வி: இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தால் மூன்றாம் நீதிபதியிடம் போகும் என்கிறார்கள். அந்த மூன்றாமவரை நியமிப்பது தலைமை நீதிபதி என்றால், மாறுபட்ட இருவரில் ஒருவராகத் தலைமை நீதிபதியே இருந்தால் என்ன செய்வார்கள்? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நல்ல கேள்வி, இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 18 சட்டமன்ற உறுப்பினர்களின் தகுதி நீக்க வழக்கில், 2018 ஜூன் 14 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதி நீக்கம் செல்லும் என்றும், நீதிபதி எம்.சுந்தர் செல்லாது என்றும் தீர்ப்பளித்தார்கள். மாறுபட்டவர்களில் தாமே ஒருவர் என்பதால், மூன்றாமவரைத் தலைமை நீதிபதி தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு அடுத்த மூத்த நீதிபதியான ஹுலுவாடி ஜி.ரமேஷிடம் அந்தப் பொறுப்புப் போயிற்று. அவர் நீதிபதி எஸ்.விமலாவை நியமித்தார். வழக்கை உச்ச நீதிமன்றமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உறுப்பினர்கள் தரப்பில் மனுச் செய்யப்பட்டபோது, உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், மூன்றாம் நீதிபதியை மட்டும் மாற்றி நீதிபதி எம்.சத்தியநாராயணனை நியமித்தது. அவர் 2018 அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்தார்.

ஓர் ஆட்சியின் பெரும்பான்மையே தொங்கிக்கொண்டிருந்த வழக்கில், யார் மூன்றாமவர் என்பது நான்கு மாதம் தமிழ்நாடே பேசிய செய்தியாயிற்று. ஒதுக்கீடு என்பது அலுவலக வேலைதானே என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நால்வர் செய்தியாளர்களைச் சந்தித்தார்களே, அதற்குக் காரணம் வழக்கு ஒதுக்கீடுதானா? அதன்பின் ஏதாவது மாறியதா? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஆம், முதன்மையான காரணம் அதுதான். அதற்கு இரண்டு மாதம் முன்பே பொறி பற்றியிருந்தது. மருத்துவக் கல்லூரி ஒன்றின் வழக்கில் சாதகமான உத்தரவு பெற்றுத் தருவதாகச் சொல்லி லஞ்சம் வாங்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டைச் சிறப்புக் குழு விசாரிக்க வேண்டும் என்று ஒரு மனு வந்தது. அந்தக் கல்லூரியின் வழக்கை விசாரித்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர், அப்போதைய தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா. 2017 நவம்பர் 9 அன்று நீதிபதி செலமேஸ்வர் தலைமையிலான இருவர் அமர்வு, மூத்த ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைக் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மறுநாளே தலைமை நீதிபதி தலைமையில் ஐவர் அமர்வு கூடி, அமர்வை அமைக்கும் அதிகாரம் தலைமை நீதிபதிக்கே உரியது என்று சொல்லி அந்த உத்தரவைச் செல்லாததாக்கியது.

2018 ஜனவரி 12 அன்று, செலமேஸ்வரின் தில்லி இல்லத்துப் புல்வெளியில் அவரும், ரஞ்சன் கோகோய், மதன் லோக்குர், குரியன் ஜோசப் ஆகியோரும் செய்தியாளர்கள் முன் அமர்ந்தார்கள். பதவியில் இருக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அப்படி வெளியே வந்து பேசியது அதுவே முதல்முறை. தலைமை நீதிபதிக்குத் தாங்கள் எழுதிய கடிதத்தையும் வெளியிட்டார்கள். நாட்டுக்கும் நீதித்துறைக்கும் பெரும் விளைவை ஏற்படுத்தக்கூடிய வழக்குகள், தக்க காரணம் எதுவுமின்றி, தேர்ந்தெடுத்த சில அமர்வுகளுக்கு அனுப்பப்படுகின்றன என்பதே அதன் சாரம்.

மாறியது என்னவென்றால், அந்த ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பொருள்வாரிப் பணி ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடத் தொடங்கியது. முதல் பட்டியலில் பொதுநல வழக்குகள் தலைமை நீதிபதியிடமே இருந்தன. இன்று நீங்களும் நானும் அந்தப் பட்டியலைத் திறந்து படிக்கலாம். அதற்கு முன் முடியாது. அந்த வகையில் அது பெரிய முன்னேற்றம் என்றே கருதுகிறேன்.

மாறாதது சட்டம். அமர்வுகளை அமைக்க வழிகாட்டு விதிகள் வேண்டும் என்று கோரிய மனுவை 2018 ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முன்னாள் மத்தியச் சட்ட அமைச்சர் சாந்தி பூஷண் தொடர்ந்த வழக்கில், ‘தலைமை நீதிபதி’ என்ற சொல்லுக்கு மூத்த நீதிபதிகள் ஐவர் அடங்கிய கொலீஜியம் என்று பொருள்கொள்ள வேண்டும் என்று வாதாடினார்கள். நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு 2018 ஜூலை 6 அன்று அதை ஏற்க மறுத்தது. இதில் என் கருத்தைக் கேட்டால், கொலீஜிய வாதத்தை மறுத்தது சரியே. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் வரும் வழக்குகளை ஐந்து பேர் கூடி உட்கார்ந்து பிரிப்பது என்றால் அலுவல் நடக்காது. ஆனால் ஒருவரிடம் அதிகாரம் இருப்பது வேறு. அந்த ஒருவர் எந்த விதிப்படி அதைப் பயன்படுத்துகிறார் என்பது ஊரறிய எழுதப்பட்டிருப்பது வேறு. இரண்டாவது கோரிக்கைக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை. ஒரே பொருள் பல அமர்வுகளின் பெயருக்கு நேரே இருக்கும்போது, ஒரு ஜாமீன் மனு அவற்றுள் எதற்குப் போகும் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. ஏதேனும் ஒரு வழக்குக்கென்று தனி அமர்வு அமைக்கும்போது ஏன் இவர்கள் என்பதற்குக் காரணம் எழுதப்படுவதும் இல்லை. வழக்கு வாசலுக்கு வருவதற்கு முன்பே அது போகும் வழி எழுதிவைக்கப்பட்டிருந்தால், தோற்றவர்கூடத் தீர்ப்பைப் பற்றித்தான் குறைசொல்வார். அமர்வைப் பற்றி அல்ல.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளாக ஜெர்மனியில் வாழும் யாழ்ப்பாணத்தவன். இங்கே வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது முன்கூட்டியே தெரியும் என்கிறார்களே, எப்படி? – ஒரு வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: நீங்கள் வாழும் நாட்டில் அது குடிமகனின் அடிப்படை உரிமை. ஜெர்மானிய அடிப்படைச் சட்டத்தின் 101ஆம் கூறு, சட்டப்படி தமக்குரிய நீதிபதியிடமிருந்து எவரையும் விலக்கக்கூடாது என்கிறது. அதை நடைமுறைப்படுத்த, ஒவ்வொரு நீதிமன்றத்திலும் நீதிபதிகளே தேர்ந்தெடுத்த ஒரு குழு, ஆண்டு தொடங்குவதற்கு முன்பே பணிப் பங்கீட்டுத் திட்டம் ஒன்றை எழுதிவைக்கிறது. வழக்கின் பொருள், தரப்பாரின் பெயரின் முதலெழுத்து, பதிவு வரிசை போன்ற அடையாளங்களை வைத்து வழக்கு தானாகவே ஒரு நீதிபதியிடம் போய்ச் சேரும்படி திட்டம் அமைந்திருக்கும். வேலைப்பளு மிகுதி, நீண்ட விடுப்பு போன்ற காரணங்களின்றி ஆண்டின் நடுவில் அதை மாற்ற முடியாது.

நீங்கள் பிறந்த மண்ணில் நிலைமை இந்தியாவுக்கு நெருக்கமானது. இலங்கை அரசியலமைப்பின் 132ஆம் உறுப்புரையின்படி, ஒரு வழக்கை ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நீதியரசர்கள் கேட்க வேண்டும் என்று பணிக்கும் அதிகாரம் பிரதம நீதியரசரிடம் இருக்கிறது.

அமெரிக்காவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்களில் பெரும்பாலும் குலுக்கல் முறை. குலுக்கலில் யாரும் கைவைக்க முடியாது என்று தோன்றும். ஆனால் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ போன்ற கோட்டங்களில் புதிய வழக்குகள் ஏறத்தாழ எல்லாமே ஒரே நீதிபதியிடம் போய்க்கொண்டிருந்ததால், தமக்கு வேண்டிய நீதிபதியைத் தேடி நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வழக்காடுவோர் அந்த ஊருக்குப் போய் மனுப் போட்டார்கள். நாடு முழுவதையும் அல்லது மாநிலம் முழுவதையும் பாதிக்கும் தடை கோரும் வழக்குகளை, அந்தக் கோட்டத்துக்குள் நிறுத்தாமல் மாவட்டம் முழுவதும் உள்ள நீதிபதிகளிடையே குலுக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் அந்நாட்டு நீதித்துறை மாநாட்டு அமைப்பு பரிந்துரை செய்ய வேண்டியதாயிற்று.

உங்கள் ஊர் நீதிமன்றத்தின் திட்டத்தை நீங்கள் அலுவலகத்திலேயே கேட்டுப் பார்வையிடலாம். அதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஒரு நீதிபதி நோயுற்றுவிட்டால் அவர் இடத்தில் அமர வேண்டியவர் யார் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும்.